டிசம்பரில் தேவகி அக்கா நடத்திய பாடம்

காலை ஏழரை மணி இருக்கும். மின்சாரம் போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. மிச்சமிருந்த சார்ஜைக் காப்பாற்றக் கைப்பேசியை அணைத்து வைத்திருந்தேன். அதனால் செய்தி எனக்குக் கடைசியாகத்தான் வந்தது. கீழ்வீட்டு மா கின் படியேறி வந்து கதவைத் தட்டினாள். இராணுவ ஆட்சி வந்ததிலிருந்து யாங்கூனில் கதவு தட்டப்பட்டால் யாரும் உடனே திறப்பதில்லை. நான் அசையாமல் நின்று காது கொடுத்தேன். "சயா, நான்தான். உங்க டியூஷன் சயாமா தவறிட்டாங்களாம்" என்றாள் வெளியிலிருந்தே. இங்கே வாத்தியாரைச் சயா என்பார்கள், டீச்சரைச் சயாமா என்பார்கள். வெட்கத்தோடுதான் சொல்கிறேன், அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. தட்டியது அவர்கள் இல்லை என்ற நிம்மதி. துக்கம் அதன் பிறகு, செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது வந்தது. ஒரு செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

தேவகி அக்காவை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். அறிந்தவர்களுக்கு ஆள் யார் என்று தெரிந்துவிடும், மற்றவர்களுக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது. எதையும் எழுதிவிட்டு இரண்டு தடவை படித்து, யாருக்காவது வம்பாகுமோ என்று பாதியை அடித்துவிடுகிற ஆள் நான். அக்கா இருந்திருந்தால், "தம்பி, நீ அடிச்சதைக் காட்டு, அதைத்தான் படிக்கணும்" என்றிருப்பார்.

தாமுவே சந்தைக்குப் பக்கத்துத் தெருவில், மூன்றாம் மாடியில் எங்கள் டியூஷன் வகுப்பு. ஒரே கூடத்தை ஒட்டுப்பலகையால் இரண்டாகத் தடுத்திருந்தோம். இந்தப் பக்கம் நான் கணக்கு நடத்துவேன். அந்தப் பக்கம் அக்கா ஆங்கிலமும் அமெரிக்க வரலாறும் நடத்துவார். எங்களிடம் வருகிற பிள்ளைகள் அமெரிக்கப் பள்ளியிறுதித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள். அந்தச் சான்றிதழ் கையில் இருந்தால் வெளிநாட்டுக் கல்லூரியில் இடம் கிடைக்கும், கிடைத்தால் இங்கிருந்து போய்விடலாம் என்பது அவர்கள் கணக்கு. அக்காவின் கணவர் போட்டாதாங் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அவர் தவறிப் பல வருடம் ஆகிறது. ஒரே மகன் சரவணன், கைப்பேசி பழுது பார்க்கும் கடையில் வேலை. என்னை மாமா என்று கூப்பிடுவான். தமிழ் அவனுக்கு முழுக்கப் புரியும். பேசும்போது மட்டும் பர்மியச் சொற்களில் ஏறி இறங்கி வருவான்.

நான் அங்கே சேர்ந்த முதல் டிசம்பரில் ஒருநாள், தடுப்புக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அக்கா வகுப்பு எப்போதும் சந்தை மாதிரி இருக்கும். என்னவென்று நானும் எழுதுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தேன். பர்மிய மொழியில் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறாம் ஆண்டு டிசம்பர் மாதக் கடைசி. லகோட்டா என்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்கள். ஊண்டட் நீ என்ற ஓடைக்கரை. அவர்கள் சண்டைக்கு வந்தவர்கள் இல்லை. தலைவன் காய்ச்சலில் படுத்திருந்தான். இராணுவம் வழிமறித்தது, பணிந்து வந்து ஓடையோரம் கூடாரம் போட்டார்கள். விடிந்தபோது நாலு பக்கமும் சிப்பாய்கள் நின்றார்கள், மேட்டில் பீரங்கிகள் இருந்தன. ஆயுதத்தைக் கொடு என்றார்கள். துப்பாக்கிகளை வாங்கிய பிறகு கூடாரங்களுக்குள் புகுந்து கத்தி, கோடாலி, கூடாரம் அடிக்கும் முளை வரைக்கும் அள்ளிக்கொண்டு வந்தார்கள். அப்போது எங்கோ ஒரு துப்பாக்கி வெடித்தது.

இந்த இடத்தில் அக்கா தமிழுக்கு மாறினார். அந்த வகுப்பில் தமிழ் தெரிந்த பிள்ளை ஒன்றுகூட இல்லை. "ஒரு வெடி. அது ஆரு வெடின்னு இன்னைக்கும் வாதம் பண்றாங்க. அதுக்கப்புறம் வெடிச்சதெல்லாம் ஆருதுன்னு ஒருத்தனும் வாதம் பண்ணல" என்றார். ஒட்டுப்பலகைக்கு இந்தப் பக்கம் எனக்கு மட்டும் அது புரிந்தது. பிறகு மறுபடி பர்மிய மொழியில், ஓடைப் பள்ளத்தில் ஓடிய பெண்களையும் பிள்ளைகளையும் துரத்திச் சுட்டதைச் சொன்னார். பனிப்புயல் வந்தது. மூன்று நாள் கழித்து வந்து விறைத்துப்போன உடல்களை ஒரே குழியில் போட்டு மூடினார்கள். செத்தவர்கள் முன்னூறு பேர் வரை என்கிறார்கள், குறைத்துச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். சுட்ட சிப்பாய்களில் ஏறக்குறைய இருபது பேர் நாட்டின் மிக உயர்ந்த பதக்கம் வாங்கினார்கள், அதை இன்றுவரை யாரும் திரும்ப வாங்கவில்லை. ஒரு பெண் பிள்ளை கை தூக்கி, இது தேர்வில் வருமா என்று கேட்டாள். "வராது. அதனாலதான் நான் நடத்தறேன்" என்றார் அக்கா.

அன்று மாலை தேநீர்க் கடையில் நான் கேட்டேன், "எதுக்குக்கா இது? காலம் இருக்கிற இருப்புல?" நான் குசுகுசுவென்றுதான் கேட்டேன். அவர் சாதாரணக் குரலில் பதில் சொன்னார். "அமெரிக்காவுல நடந்ததைத்தானே சொல்றேன் தம்பி? அவங்க கவர்மெண்டே வருத்தம் தெரிவிச்சுட்டு உக்காந்திருக்கு. உனக்கு ஏன் வேர்க்குது?" எனக்கு வேர்த்துக்கொண்டுதான் இருந்தது. பக்கத்து மேசையில் இருந்தவன் காதைத் தீட்டுகிறானோ என்று பார்த்தபடி தேநீரை அரைக்கோப்பையில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

அவருக்கு அது ஓர் ஆண்டின் பாடத்தோடு முடிகிற கதை இல்லை. ஒருமுறை வகுப்புக்குப் பத்து நிமிடம் முன்னால் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். இணையத்திலிருந்து ஒரு செய்தியை அச்சடித்து எடுத்து வந்திருந்தார். அந்தக் குழியில் கிடந்தவர்களின் உடம்பிலிருந்து உருவிய சட்டைகளும் காலணிகளும் நூறு வருடத்துக்கு மேலாக எங்கோ ஒரு சிறிய ஊரின் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருந்தனவாம். இப்போது அந்த மக்களின் வாரிசுகளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். "பாத்தியா தம்பி, கேட்டுக்கிட்டே இருந்தாங்க, கெடச்சிருச்சு" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒவ்வொரு டிசம்பரிலும் அந்த மக்களின் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள், செத்தவர்கள் வந்த அதே வழியில், கொட்டும் குளிரில் குதிரையில் வருகிறார்கள் என்பதையும் அவர்தான் சொன்னார். அவர்கள் குதிரையேறும் அந்த நாட்களில்தான் அவர் இந்த வகுப்பை வைத்துக்கொண்டார். ஜன்னல்களை மட்டும் சாத்திவிட்டு நடத்தினார். ஜன்னலைச் சாத்தச் சொன்னது நான்தான்.

போன டிசம்பருக்கு முந்தின டிசம்பரில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. அந்த வகுப்பில் அக்காவுக்கு ஒரு வழக்கம் உண்டு. கூடாரங்களிலிருந்து கத்தியையும் கோடாலியையும் அள்ளிய இடம் வந்ததும் கதையை நிறுத்திவிடுவார். ஒவ்வொரு பிள்ளையையும் கூப்பிட்டு, உங்கள் வீட்டைச் சோதனை போட்டால் ஆயுதம் என்று என்ன எடுப்பார்கள், வெள்ளைப் பலகையில் எழுது என்பார். அன்று பலகை நிறைய எழுதியிருந்தார்கள். மீன் வெட்டும் கத்தி, தேங்காய்த் துருவி, கத்தரிக்கோல், சுத்தியல், அப்பாவின் கைத்தடி. நான் தண்ணீர் குடிக்க வெளியே வந்தவன், வார்டு அலுவலர் கையில் கோப்போடு படியேறி வருவதைப் பார்த்தேன். அவர் பின்னால் இன்னொருவரும் வந்தார்.  அக்காவின் வகுப்புக்குள் பாய்ந்து, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், அந்தப் பட்டியல் முழுவதையும் என் முழங்கையாலும் உள்ளங்கையாலும் அழித்தேன். துடைப்பான் கண் முன்னால்தான் இருந்தது, அது கண்ணில் படவில்லை.

அலுவலர் உள்ளே வந்தார். முப்பது பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தார்கள். என் வெள்ளைச் சட்டை முழுக்கக் கறுப்பு மை. "என்ன சயா, எதை அழிச்சீங்க?" என்று பர்மிய மொழியில் கேட்டார். "அல்ஜீப்ரா" என்றேன். அது அல்ஜீப்ரா வகுப்பே இல்லை என்பது சுவரில் தொங்கிய அமெரிக்க வரைபடத்தைப் பார்த்தாலே தெரியும். அக்கா சிரித்தபடி, "சாமான் பேரு எழுதினோம். ஒவ்வொருத்தர் வீட்டு அடுப்படியில என்ன இருக்குன்னு. உங்க வீட்டுல என்ன இருக்கு, சொல்லுங்க" என்றார். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அலுவலர் கொஞ்சம் யோசித்து, தன் மனைவியிடம் ஓர் எலும்பு வெட்டும் கத்தி இருக்கிறது, தனக்கே அதைக் கண்டால் பயம் என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு அவர் கோப்பைத் திறந்தார். அவர் பலகையைப் பார்க்க வந்தவரே இல்லை. வார்டில் கட்டாயப் படைச்சேவைக்கு வயது வந்த ஆண்களின் பெயரைக் குலுக்கிப் போட்டிருந்தார்கள். சரவணனின் பெயர் வந்திருந்தது. வீட்டில் ஆள் இல்லாததால் தாளைக் கொடுக்க இங்கே தேடி வந்திருக்கிறார். மனுஷர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தாளை நீட்டும்போது அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு, பிள்ளைகளிடம் திரும்பி, மீதியை நாளைக்குப் பார்க்கலாம் என்றார். பட்டியலை அழித்ததற்காக என்னை ஒரு நாளும் கடிந்துகொண்டதில்லை. நான்தான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன், பயப்பட வேண்டியது எதற்கு என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். எல்லையைத் தாண்டிப் போகட்டும் என்றார்கள். போனால் அம்மாவைப் பிடிப்பார்கள் என்று சரவணன் மறுத்துவிட்டான். ஏழை வீட்டுப் பையன் ஒருவனைப் பதிலாக அனுப்ப வழி இருக்கிறது, ஆள் பிடித்துத் தருகிறேன் என்று கோயிலில் ஒருவர் மெதுவாகச் சொன்னார். நல்ல யோசனை என்று எனக்குத் தோன்றியது, வாய்விட்டும் சொன்னேன். அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "அந்தப் பையனையும் ஒருத்தி பெத்துத்தானே இருப்பா?" என்று மட்டும் கேட்டார். சரவணன் பையில் இரண்டு சட்டையோடு போனான். வேன் ஏறும்போது தன் கடைச் சாவியை என்னிடம் கொடுத்து முதலாளியிடம் சேர்க்கச் சொன்னான்.

அவன் போன பிறகு அக்கா தூங்கவில்லை. இரத்த அழுத்த மாத்திரையைக் கூட்டினார்கள். ஒருநாள் வகுப்பு முடிந்து பிள்ளைகள் போன பின், அந்தத் தடுப்புப் பலகையில் சாய்ந்துகொண்டு என்னிடம் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். "அவன் செத்துருவானோன்னு பயமா இருக்கு தம்பி, இல்லைங்கல. ஆனா அது பாதி பயந்தான். அந்த ஓடைக்கரையில சுட்டவங்கள்ல பல பேரு புதுசா படைக்கு வந்த பசங்க. கடல் தாண்டிப் பொழைக்க வந்த குடும்பத்துப் பசங்களும் இருந்தாங்க. நம்மள மாதிரித்தான். மேட்டுல நிக்க வச்சாங்க, நின்னாங்க. சுடுன்னாங்க, சுட்டாங்க. எம்பிள்ளைய எந்த மேட்டுல நிக்க வைக்கப் போறாங்களோ?"  அத்தனை வருடமாக அந்தப் பாடத்தைக் கேட்டபோதெல்லாம் நான் ஓடைப் பக்கமே நின்று கேட்டிருக்கிறேன். மேட்டில் நிற்கிறவனும் ஒரு தாய்க்குப் பிள்ளை என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

போன டிசம்பரில் அவர் அந்தப் பாடத்தை நடத்தவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் இறக்குமதி வரியைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. வெளியே வந்ததும், "நல்ல வேலை செஞ்சீங்கக்கா" என்றேன். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. "எப்படி நடத்துவேன்? ஊர் பிள்ளைங்க எத்தனை பேருக்குச் சொல்லிருக்கேன். எம்பிள்ளைக்கு ஒருநாளும் சொன்னதில்ல. வீட்டுக்குள்ள இது வேணாம், கேட்டா கோவப்பட்டு எங்கயாச்சும் போயிருவான், வாயப் பொத்திக்கிட்டு இருந்தாப் போதும்னு வளத்துட்டேன். இப்ப ஒண்ணுமே தெரியாம போய் நிக்கிறான்" என்றார். சரவணன் அதற்குள் இரண்டு தடவை தொலைபேசியில் பேசியிருந்தான். இரண்டு தடவையும் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டதோடு அவர் பேச்சை முடித்துவிட்டார். "அவனை எங்கயாச்சும் அனுப்பறதுக்கு முன்னால இத அவன் கேட்டாகணும். என்னால முடியாமப் போனா நீ சொல்லணும்" என்றார். "எனக்கெதுக்குக்கா வம்பு?" என்று கேட்டேன். இந்த வயதிலும் இப்படித்தான் கேட்டேன். அவர் அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டு, "நீ சொல்லுவ" என்றார்.

ஏப்ரலில் பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா முடிந்து, தாங்க முடியாத அந்த வெயிலில் அவர் போனார். குளித்துவிட்டு வந்தவர் விழுந்திருக்கிறார், பக்கத்து வீட்டார் பார்ப்பதற்குள் முடிந்துவிட்டது. சரவணனின் முகாமுக்குத் தகவல் அனுப்பினோம், பதில் வரவில்லை. ஒருநாள் காத்திருந்தோம். அதற்கு மேல் வைத்திருக்க முடியவில்லை. கொள்ளி வைக்க என்னைச் சொன்னார்கள்.  தமிழர்கள் பத்துப் பேர்கூட இல்லை. மாணவர்கள் அத்தனை பேரும் வந்து வரிசையாக நின்றார்கள். ஏழாம் நாள் அவர்களே கூடி, பர்மிய வழக்கப்படி பிக்குகளுக்கு மொஹிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ் செய்து படைத்தார்கள்.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்து, அக்கா வீட்டில் இலைகளை எடுத்துக்கொண்டிருந்த சாயங்காலம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. தெரியாத எண்ணை நான் எடுப்பதே இல்லை. அன்று எடுத்தேன். "மாமா" என்றான். அவனுக்கு முந்தின நாள்தான் சொல்லியிருக்கிறார்கள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அழுதோம். அஞ்சு நிமிஷம்தான் கொடுத்திருக்கிறார்கள், பக்கத்தில் ஆள் இருக்கிறது என்றான். அடுத்த வாரம் எங்கோ அனுப்பப் போகிறார்களாம், எங்கே என்று சொல்லவில்லையாம். பிறகு கேட்டான், "அம்மா எனக்குன்னு எதாச்சும் சொன்னாங்களா?"

நல்லாச் சாப்பிடச் சொன்னாங்கப்பா என்று சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். அந்த வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. யார் ஒட்டுக் கேட்கிறார்களோ, அவனுக்கு என்ன ஆகுமோ, எனக்கு என்ன ஆகுமோ என்று எல்லாம் ஒரே நொடியில் ஓடியது. ஜன்னல் திறந்திருந்தது, எழுந்துபோய்ச் சாத்தக்கூட நேரம் இல்லை. "சொன்னாங்க, கேளு" என்று ஆரம்பித்தேன். தமிழிலேயே சொன்னேன். ஓடைக்கரை, மேடு, கத்தி, கோடாலி, முளை. ஒரு வெடி. பள்ளத்தில் ஓடியவர்கள், பனி, குழி, பதக்கம். அக்கா மாதிரி எனக்குச் சொல்ல வராது, கணக்கு வாத்தியார் சொன்னால் எப்படி இருக்குமோ அப்படிச் சொன்னேன். கடைசியில், மேட்டில் நின்றவர்களில் பலர் உன் வயதுப் பையன்கள், உன் அம்மாவுக்கு அவர்களை நினைத்துத்தான் தூக்கம் இல்லை என்றேன்.

 அவன் பின்னால் யாரோ பர்மிய மொழியில், நேரமாகிவிட்டது, முடி என்றார்கள். சரவணன் அவசரமாக, சொல் சொல்லாகத் தேடிப் பிடித்து, "மாமா, அங்க… சுடச் சொல்லியும் சுடாதவன், ஒருத்தனாச்சும் இருந்தானா? அவன என்ன பண்ணாங்க?" என்று கேட்டான்.

எனக்குத் தெரியவில்லை. அத்தனை வருடம் பலகைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டும் எனக்கு அது தெரியவில்லை. தெரியலப்பா என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அழைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டது. அதன் பிறகு அவனிடமிருந்து அழைப்பு இல்லை. அக்காவின் நோட்டுகளை முதல் பக்கத்திலிருந்து தேடிப் பார்த்துவிட்டேன், அப்படி ஒருவனைப் பற்றி அவர் எங்கும் எழுதி வைக்கவில்லை.

வரும் டிசம்பரில் அந்த வகுப்பை நான்தான் நடத்த வேண்டும். பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், இதை எழுதும்போதும் படிக்கட்டில் சத்தம் கேட்டால் கை நிற்கிறது. தேவகி அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அவர் மகன் கேட்ட அந்தக் கேள்விதான். அதைப் பிள்ளைகளிடம் அப்படியே கேட்பேன். அந்த மேட்டில் அப்படி ஒருவன் இருந்தானா என்று தெரியாமலே நான் செத்துப்போனாலும் பரவாயில்லை. இப்போது எங்கேயோ ஒரு மேட்டில் சுடாதவன் ஒருவன் இருக்க வேண்டும், அவன் உயிரோடும் இருக்க வேண்டும்.